680 பிழை: ஃபோன் வேலை செய்கிறது, மோடம் மட்டும் டயல் செய்யவில்லை

வணக்கம் நண்பரே. விண்டோஸ் 98-இல் மோடம் (ஃபோன் லைன் வழியாக இணையத்தில் இணைக்கும் கருவி) டயல் செய்யும்போது ‘டயல் டோன் இல்லை’ என்று 680 பிழை வருகிறது, அதே ஒயரில் ஃபோன் நன்றாகப் பேசுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒயர் மோடத்தின் ‘லைன்’ துளையில் இருக்கிறதா, பக்கத்து ‘ஃபோன்’ துளையிலா? ‘லைன்’ துளையில்தான் இருக்க வேண்டும், முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து கன்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ் போய், மோடத்தின் காம் போர்ட்டை (மோடம் கம்ப்யூட்டரோடு பேசும் வாசல்) தேர்ந்து ‘மோர் இன்ஃபோ’ அழுத்துங்கள். பதில் வரிகள் வந்தாலும் மோடம் கார்டு நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மின்னல் ஃபோன் லைன் வழியாக இறங்கினால் லைன் பக்கத்துப் பாகங்கள் மட்டும் கருகி, மிச்சம் உயிரோடு இருக்கும். மோடம் ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டி டயல் செய்து காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் ரிலே (லைனை இணைக்கும் சிறு சுவிட்ச்) ‘க்ளிக்’ என்னும், உடனே ‘கொர்ர்’ என்று டோன் வரவேண்டும். க்ளிக் மட்டும் வந்து டோன் வரவில்லையா? அநேகமாகக் கார்டு போயிற்று. பழைய கம்ப்யூட்டர் கடையில் வேறொன்று தேடுங்கள், ரிப்பேருக்குக் காசு கொட்ட வேண்டாம்.

டோன் கேட்டும் அதே பிழை என்றால், மோடம் பிராப்பர்ட்டீஸில் கனெக்‌ஷன் பக்கத்தில் ‘வெயிட் ஃபார் டயல் டோன்’ டிக்கை எடுத்துவிடுங்கள். வாய்ஸ் மெயில் உள்ள லைனில் டோன் விட்டுவிட்டு ஒலிக்கலாம், மோடம் குழம்பிவிடும். ஆமாம், உங்கள் ஃபோன் செம்புக் கம்பியில் வருகிறதா, ஃபைபர் பெட்டியிலிருந்தா? அதைச் சொல்லவில்லையே. ஃபைபர் என்றால் மோடத்தின் வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.