கிட்னி செல்லுக்கு 5 பர்சென்ட் கட்-ஆஃப் போடலாமா?

கேள்வி: மவுஸ் கிட்னில சிங்கிள் செல் ஆர்என்ஏ சீக்வென்சிங் (ஒவ்வொரு செல்லுலயும் எந்த ஜீனோட ஆர்என்ஏ எவ்வளவுன்னு தனித்தனியா எண்றது) பண்ணோம். டுடோரியல்ல இருக்கிற மாதிரி மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏ 5 பர்சென்ட்டுக்கு மேல உள்ள செல்லை தூக்கினா பாதிக்கு மேல காலி. மிச்சத்துல டி செல்லுக்கே சிடி4 ஜீன் ஜீரோ காட்டுது. சாம்பிள் வீணாப் போச்சா?

பதில்: சாம்பிளை விடுங்க, முதல்ல அந்த 5 எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. சூராட்ங்கிற சிங்கிள் செல் சாஃப்ட்வேரோட டுடோரியல்ல எல்லாரும் ஓட்டிப் பாக்குற 2,700 ரத்த செல் டேட்டாவுக்குப் போட்ட நம்பர் அது. கிட்னி கதையே வேற, ப்ராக்ஸிமல் ட்யூப்யூல் (வடிகட்டின திரவம் முதல்ல போற குழாய்) செல்லு நாள் பூரா சோடியத்தையும் குளுக்கோஸையும் திரும்ப உறிஞ்சிக்கிட்டே இருக்கு, அதுக்கு எனர்ஜி வேணும்ல, அதனால உள்ள மைட்டோகாண்ட்ரியா நெருக்கியடிச்சுக் கிடக்கும். நீங்க தூக்கினதுல பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும்.

அதுக்காக ஃபில்டரே வேண்டாம்னு சொல்லல. செல் கிழிஞ்சா சைட்டோபிளாசத்துல இருக்கிற ஆர்என்ஏ வெளிய கசிஞ்சிடும், மைட்டோகாண்ட்ரியாக்குள்ள இருக்கிறது தங்கிடும், பர்சென்ட் ஏறுறது அதனாலதான். ஸோ அந்த ஒரு நம்பரை மட்டும் பாக்காதீங்க: எம்டி (மைட்டோகாண்ட்ரியா பர்சென்ட்) அதிகம், யுஎம்ஐயும் (எண்ணின ஆர்என்ஏ மாலிக்யூல்) ஜீன் எண்ணிக்கையும் கம்மின்னா செத்த செல், எம்டி அதிகம் ஆனா மத்த ரெண்டும் நல்லா இருக்கு, ட்யூப்யூல் செல்லோட அடையாள ஜீனான எஸ்எல்சி34ஏ1, எல்ஆர்பி2 வேற வருதுன்னா உசுரோட இருந்த ட்யூப்யூல் செல். முதல்ல தளர்வா ஃபில்டர் பண்ணி க்ளஸ்டர் (ஒரே மாதிரி செல்லு கூட்டம்) போடுங்க, அப்புறம் ஒவ்வொரு க்ளஸ்டருக்கும் தனித்தனியா கட்-ஆஃப் வைங்க. (டுடோரியல் கோடை அப்படியே காப்பி பண்றவங்களுக்கு: மைட்டோகாண்ட்ரியா ஜீன் பேரோட ஆரம்பத்துல வர்ற எம்டி மனுஷ டேட்டால கேப்பிட்டல் லெட்டர், மவுஸ்ல ஸ்மால் லெட்டர். மாத்தலைன்னா எல்லா செல்லுக்கும் ஜீரோ பர்சென்ட்னு அழகா வரும்.)

சிடி4 ஜீரோக்கு பயப்படாதீங்க. செல்லுல இருக்கிற எம்ஆர்என்ஏல ஒரு பங்குதான் மாட்டும், சிடி4 ஏற்கனவே கம்மியாத்தான் இருக்கும், நிறைய செல்லுல தவறிடும். சிடி3இ, டிராக் மாதிரி மத்த டி செல் ஜீனெல்லாம் சேத்து க்ளஸ்டரா பாத்து முடிவு பண்ணுங்க. டி செல்லுல கொஞ்சூண்டு எஸ்எல்சி34ஏ1 தெரிஞ்சா புது செல் டைப்னு குதிக்க வேண்டாம், உடைஞ்ச செல்லுல இருந்து மிதந்து வந்த ஆர்என்ஏவா இருக்கும், அதைக் கழிக்கிற சாஃப்ட்வேரான சூப்எக்ஸ் இல்லன்னா செல்பெண்டர் ஓட்டுங்க.

நோய் குரூப், கன்ட்ரோல் குரூப்னு கம்பேர் பண்ணப் போறீங்கன்னா குரூப்புக்கு 3 மவுஸ்னா குரூப்புக்கு உங்க சாம்பிள் எண்ணிக்கை (n) 3தான், பத்தாயிரம் செல் இல்ல; ஒவ்வொரு மவுஸோட செல்லு எண்ணிக்கையையும் செல் டைப் வாரியா ஒண்ணாக் கூட்டி கம்பேர் பண்ணுங்க, இதுக்குப் பேருதான் சூடோபல்க்.