கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு 99% காட்டினால் பயப்பட வேண்டுமா?

கேம் ஓடும் நேரம் முழுக்க கிராஃபிக்ஸ் கார்டின் (திரையில் தெரியும் காட்சியை வரையும் பாகம்) பயன்பாடு 99%-லேயே நிற்கிறது, எரிந்துபோய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படவே வேண்டாம். கார்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்காமல் வேலை பார்த்தது என்பதற்கான கணக்குதான் அந்த எண். கொடுத்த காசுக்கு முழுதாக உழைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது வெப்பத்தை. 70, 75 டிகிரி எல்லாம் சாதாரணம். ரொம்பச் சூடானால் கார்டே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எனக்குத் தலைவலி கொடுத்தது இதற்கு நேர் எதிரான விஷயம். என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, கூடவே நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள பழைய சிபியு, அதாவது கம்ப்யூட்டரின் முதன்மைச் செயலி. சைபர்பங்க் 2077 ஆடினால் கார்டு 99% போகும், ஆட்டம் ஒரே சீராக இருக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடினால் 55% தான், ஆனால் நாலு பேர் ஒரே இடத்தில் மோதும்போது திரை திக்கித் திக்கி நிற்கும். கார்டில்தான் கோளாறு என்று நினைத்து அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் சிபியு 40% தான் காட்டியது, அதனால் அந்தப் பக்கம் சந்தேகமே வரவில்லை. அப்புறம் அங்கே இருக்கும் சிபியு வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, சிபியுவைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்று மாற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு இருந்தது. மற்றவை பாதிகூட இல்லை. 40% என்பது எல்லாவற்றின் சராசரி! அந்த ஒரு கோர் அடுத்த காட்சியைத் தயார் செய்து தரும்வரை கார்டு கைகட்டிக் காத்திருந்திருக்கிறது.

சந்தேகம் இருந்தால் கேமின் ரெசல்யூஷனை (காட்சியின் புள்ளி அளவு) 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள், கார்டின் வேலை குறையும். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் காட்சிகளின் எண்ணிக்கை, ஏறவில்லை என்றால் தடை கார்டில் இல்லை. எனக்கு ஏறவில்லை. சிபியுவுக்குத் தரவு தரும் ரேமும் ஒற்றை 8 ஜிபி தான் போட்டிருந்தேன். அதே மாதிரி இன்னொன்று சேர்த்து, இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும் டூயல் சேனல் ஆக்கியதும் திக்கல் நன்றாகவே குறைந்தது.

குறைந்த சதவீதம் எல்லாமே கோளாறு என்றும் சொல்ல முடியாது. நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில், கேமை அந்த வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வி-சிங்க் போட்டிருந்தால் ஒரு காட்சிக்கு சுமார் 16.7 மில்லி செகண்ட் கிடைக்கும். கார்டு அதை எட்டில் முடித்துவிட்டால் மீதி நேரம் ஓய்வுதான், பாதி அளவே காட்டும். நல்லதுதான், சத்தமும் சூடும் குறையும். ஆனால் தனி கார்டு 0%-லேயே கிடந்தால் மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, கார்டின் சொந்த மெமரி. என்னுடையதில் 4 ஜிபி. அது நிரம்பினால் கேம் ரேமைக் கடன் வாங்கும், சதவீதம் எப்படி இருந்தாலும் ஆட்டம் உதறும். அப்போது டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) மட்டும் ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் போதும், மற்ற செட்டிங்கைத் தொடத் தேவையிருக்காது.