எழுத்தாளராக விரும்பும் மகளின் தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சென்ற வாரம் ஆலோசனைக்கு வந்தபோது, துணிக்கடைப் பையிலிருந்து மகளின் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை எடுத்து வைத்துவிட்டு, "கதை எழுதினால் சோறு கிடைக்குமா சார்?" என்று கேட்டீர்கள். அதே பையில் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் பெயரையும் திருப்பிக் கொடுத்த தேதியையும் மூன்று ஆண்டுகளாக அதில் உங்கள் மகள் எழுதி வைத்திருக்கிறாள். மதிப்பெண்ணைவிட அந்த நோட்டுதான் எனக்கு அதிகம் சொன்னது.

நான்கு வீடுகளில் வேலை செய்கிறேன், எனக்குப் படிக்கத் தெரியாது, இவளுக்கு நான் எப்படி வழிகாட்டுவேன் என்று வருந்தினீர்கள். ஆல்பெர் காம்யு என்ற எழுத்தாளரின் தாயாரும் உங்களைப் போன்றவர்தான். வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா நாட்டின் அல்ஜியர்ஸ் நகரில் பெல்கூர் என்னும் ஏழைக் குடியிருப்பில், பிறர் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர். எழுத்தறியாதவர், காதும் சரியாகக் கேட்காது. 1914இல் கணவர் போரில் இறந்தபோது காம்யுவுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. தொடக்கப் பள்ளி முடிந்ததும் பையனை வேலைக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் பாட்டி நினைத்தார். லூயி ஜெர்மேன் என்ற ஆசிரியர் அவரிடம் பேசி இணங்க வைத்து, பையனைத் தயார்செய்து, 1924இல் உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்தார். அந்தக் குடும்பம் செய்த பெரிய தியாகம், வந்திருக்க வேண்டிய ஒரு கூலியைப் பல ஆண்டுகள் வேண்டாம் என்று விட்டதுதான் என்பது என் கருத்து. துணிக்கடையில் உங்கள் மகளுக்கு வேலை தருவதாகச் சொல்கிறார்கள் என்றீர்களே, அதை மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

தம் இளமையையே கதையாக்கிய கடைசி நாவலில் காம்யு ஒரு காட்சி எழுதுகிறார். விளக்கடியில் மகன் படித்துக்கொண்டிருக்கிறான். தாய் அருகில் வந்து, துவைத்துத் துவைத்துச் சுருங்கிப்போன விரலை அந்தப் பக்கத்தின்மேல் மெல்ல ஓட்டிப் பார்க்கிறாள். 1957இல் நோபல் பரிசு கிடைத்தபோது, தாய்க்கு அடுத்தபடியாக உங்களைத்தான் நினைத்தேன் என்று அந்த ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுத்தை மட்டும் நம்பித் தமிழில் குடும்பம் நடத்துவது மிகக் கடினம். இதை உங்கள் மகளிடமும் மறைக்காமல் சொன்னேன். இமையம் பள்ளி ஆசிரியராகவும், பெருமாள்முருகன் அரசுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் நாவல்கள் எழுதினார்கள். ஆகவே, சோறு போடும் வேலை ஒன்றும் மாலையில் படிக்க நேரமும் கிடைக்கும்படி அவள் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்க்கலாம், கட்டணம் குறைவு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரிக் காலத்திலேயே தட்டச்சுத் தேர்வுகளை முடித்துவிட்டால், குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்கும் முயலலாம். அந்தத் தேர்வில் தமிழ்ப் பகுதி இவளுக்குப் பெரிய பலம். பி.எட். படித்து ஆசிரியராவதும், எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுதுவதும் அடுத்த வழிகள். இவற்றில் எதுவும் உறுதியான வேலை அல்ல. அதனால்தான் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். "உனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறேன்" என்று கோபத்தில்கூட அவளிடம் சொல்லாதீர்கள். அவளுக்கு அது தெரியும்; நீங்கள் தேநீர் வாங்கப் போனபோது, உங்கள் கைப்புண்ணைப் பற்றித்தான் என்னிடம் பேசினாள். இரவில் ஒரு மணி நேரம் வீட்டு வேலை சொல்லாமல் அவளைப் படிக்க விடுங்கள், அது போதும்.

கல்லூரி விண்ணப்பத்தை இங்கேயே சேர்ந்து நிரப்பலாம். ஆதார், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றுடன் வரும் திங்கட்கிழமை வாருங்கள். அந்த நோட்டையும் மறவாமல் எடுத்து வரச் சொல்லுங்கள், மீதியை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.