மென்பொருளின் மாணவர் லைசென்ஸில் வெளி வேலை செய்யலாமா? சாதாரண லைசென்ஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

படித்துக்கொண்டே யாருக்கோ பிளான் கீறிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள் போல. இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது.

செய்யக்கூடாது. பிளான் கீறும் மென்பொருளான ஓட்டோகாட்டையே எடுங்கள்: மாணவர் பதிப்பில் வசதி எதுவும் குறையாது, அதே கட்டளைகள், அதே கோப்பு. குறைவது உரிமைதான். படிக்கலாம், படிப்பிக்கலாம், காசுக்குக் கீற முடியாது. கல்வி நிறுவனத்தில் படிக்கிறேன் என்று காட்டி வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். வீட்டில் இருந்து தானாகப் பழகுகிறவர் அவர்கள் கணக்கில் மாணவரே இல்லை.

2013இல் இது எனக்குத் தெரியாது. சரி, சம்மதம் என்ற பெட்டியில் டிக் போட்டவன் நான்தான். அதை முழுக்க வாசித்தவர் யாராவது இருந்தால் கை தூக்கட்டும்.

அப்போது டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். திருகோணமலை உவர்மலையில் தெரிந்த அண்ணா ஒருவர் சின்ன அலுவலகம் வைத்திருந்தார். கடன்பட்டு உரிய லைசென்ஸ் வாங்கிய மனிதர். நிலாவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலை வந்தது. "தம்பி, படிக்கட்டை மட்டும் நீ கீறித் தா" என்றார். ஆறு அங்குல உயரத்தில் இருபது படி, கைப்பிடி, நடுவில் ஒரு தரிப்பு. இரண்டு இரவு இருந்து என் மடிக்கணினியில் கீறி, பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் தன் படத்துக்குள் செருகிச் சேமித்தார்.

அடுத்த நாள் பிரிண்ட் எடுத்தால், தாளின் நாலு ஓரமும், ஓட்டோகாட் கம்பெனியான ஓட்டோடெஸ்க்கின் கல்விப் பதிப்பில் செய்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. படிக்கட்டுத் தாளில் மட்டுமில்லை, அந்தக் கோப்பில் இருந்த மலக்குழி, மின்சாரம் எல்லாத் தாளிலும். அதிலிருந்து தலைப்புப் பெட்டியைப் பிரதி பண்ணிக் கிண்ணியா வீடொன்றின் படத்தில் போட்டிருந்தார், அதிலும். கண்நோய் மாதிரி ஒட்டுவாரொட்டி! நான் பிளேடால் ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், பிளானின் எல்லைக்கோடும் சேர்ந்து போய்விட்டது. அனுமதிக்குக் கொடுத்த இடத்தில் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது படிக்கிற பிள்ளை கீறினதோ?" என்று அண்ணாவிடமே கேட்டார். காசு கொடுத்து வாங்கிய மனிதனுக்கு அந்தப் பெயர்.

புதிய பதிப்புகளில் அந்த முத்திரை வருவதில்லை. அதனால் உரிமை மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். மைக்ரோசொஃப்ட் ஒபிஸின் பழைய 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' பதிப்பும் இப்படித்தான் ஆளை ஏமாற்றியது. அதை யாரும் வாங்கலாமாக இருந்தது, மாணவர் என்று காட்டத் தேவையிருக்கவில்லை; ஆனால் வீட்டுப் பாவனைக்குத்தான், கடைக் கணக்குக்கு இல்லை.

"களவுப் பிரதி பாவிக்காத ஊரோ அது?" என்று கீழே ஒருவர் எழுதத்தான் போகிறார். எழுதட்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவினபோது ஓட்டோகாட் சந்தாவும் அப்படியே தாவியது. நான் கீறுவது 2டி பிளான்தான், அதனால் ஓட்டோகாட்டின் விலை குறைந்த எல்டி பதிப்பில் இருக்கிறேன். ஆனால் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? "நாலு கோடு கீற இவ்வளவு காசோ?" டைல்ஸ் ஒட்டுகிறவருக்குச் சதுர அடிக்கு எண்ணிக் கொடுப்பார், தேத்தண்ணியும் கொடுப்பார். எனக்கு மட்டும் "பிறகு பாப்பம் தம்பி". பிளான் இல்லாமல் டைல்ஸை எங்கே ஒட்டுவது? நிலாவெளியில் ஒருவர் இரண்டு வருடமாகப் பாக்கி, அவருடைய அறைகளில் ஆட்கள் வந்து தங்கிப் போகிறார்கள்.

அண்ணாவோடு இப்போதும் நல்ல பழக்கம்தான். ஆனால் அவருடைய அலுவலகத்துக்குள் போனால், பென் டிரைவை வாசலிலேயே வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்.