தோட்டம் கேள்வி – பதில்: அவரை ஏன் பூக்கவில்லை?

கேள்வி: மகள் கனடாவில் டொரோண்டோ பக்கம் இருக்கிறாள். வைகாசியில் போய் ஐப்பசியில் திரும்பினேன். நம் வீட்டுக் கொடி அவரையை அங்கே ஊன்றினேன். வேலி முழுக்க ஏறியது, பூ மட்டும் இல்லை. புரட்டாசிக் கடைசியில்தான் ரெண்டு கொத்து எட்டிப் பார்த்தது, அதற்குள் உறைபனி கருக்கிவிட்டது. மண்ணா, குளிரா, என் கைராசியா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேலி முழுக்கக் கொடி ஏற்றிவிட்டு கைராசியைக் குறை சொன்னால் எப்படி அக்கா? மண்ணிலும் குறை இல்லை. குளிர் கடைசியில்தான் வந்தது. கொடி அவரை பொழுது குறுகினால்தான் பூக்கும். நம்ம ஊரில் ஆனியில் பகல் சுமார் 12½ மணி நேரம், மார்கழியில் 11½. இந்த ஒரு மணி வித்தியாசத்தை வைத்துத்தான் ஆடியில் போட்ட விதை மார்கழி, தையில் காய்த்துக் கொட்டுகிறது. டொரோண்டோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். செப்டம்பர் கடைசியில்தான் 12 மணி நேரத்துக்கு இறங்கும், அக்டோபரில் உறைபனி வந்துவிடும், அப்புறம் எங்கே காய்க்க? கூடுதலாக உரம் போட்டிருந்தால் இன்னும் நாலு முழம் கொடிதான் ஓடியிருக்கும்.

பொழுதுக்குக் கட்டுப்படாத குத்து அவரை ரகங்கள் இருக்கின்றன. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அந்த வகைதான். விதை கொண்டு போகும்முன் அந்த நாட்டு விதியை மகளிடம் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிச் செடியைச் சாயங்காலமே இருட்டு மூடி போட்டு மூடி, காலையில் திறந்து பூக்க வைக்கலாம்தான். தினமும் ரெண்டு வேளை யார் மெனக்கெடுவது? பேசாமல் பீன்ஸ் போடுங்கள், அந்த ஊருக்கு அது வஞ்சனை இல்லாமல் காய்க்கும், சொதிக்கும் ஆச்சு.

கத்தரி, மிளகாய், தக்காளி வேண்டுமென்றால் நீங்கள் போய் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மார்ச் மாதமே மகளை வீட்டுக்குள் ஜன்னலோரம் நாற்று விடச் சொல்லுங்கள். மே கடைசியில் ராக்குளிர் விட்டதும் வெளியே நடலாம், ஆனால் நேரே வெயிலில் கொண்டு வைக்காமல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டு நட வேண்டும். அடுத்த தடவை அங்கிருந்து கிளம்பும்முன், ஐப்பசி வாக்கில், பூண்டுப் பல்லைக் கூர்முனை மேலே பார்க்க ஊன்றிவிட்டு வாருங்கள். பல் பிரிந்து முழுப் பூண்டாகத் திரள அதற்குக் குளிர் வேண்டும். பனிக்கடியில் கிடந்து, ஆடியில் மகள் பிடுங்கிக்கொள்வாள்.

கேள்வி: மார்கழிக் குளிரில் மாடியில் கேரட், காலிஃபிளவர் வருமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நம்ம மார்கழியைக் குளிர் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம், கேரட் ஒத்துக்கொள்ளாது. 15 முதல் 20 டிகிரியில்தான் கிழங்கு பருத்து நல்ல நிறம் பிடிக்கும். இங்கே வெளிறி, ஒல்லியாக வரும். அந்தத் தொட்டியில் முள்ளங்கி போடுங்கள், ஒன்றரை மாதத்தில் சாம்பாருக்கு ஆகும். காலிஃபிளவரில் சூடு தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். குளிர் ரகம் என்றால் இலையோடு நின்றுவிடும். பூ எலுமிச்சை அளவு திரண்டதும் சுற்று இலைகளை மேலே சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிட்டால் வெயில் பட்டு மஞ்சளாகாது. கட்டியபின் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பிரித்துப் பாருங்கள், புழு உள்ளேதான் உட்கார்ந்திருக்கும்.