பார்வையற்ற ஒருவர் யார் உதவியும் இல்லாமல் கணினியில் விண்டோஸ் நிறுவ முடியுமா?

முடியும், ஓரிடம் தவிர. நான் முழுப் பார்வையற்றவன், கீழக்கரையில் இருக்கிறேன். முன்பெல்லாம் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்துதான் விண்டோஸ் போடுவேன். ஒருமுறை ஒலிக்கான டிரைவரை, அதாவது ஒலிக்கருவியை இயக்கும் மென்பொருளை, போடாமலே திருப்பித் தந்தார்கள். கண் தெரிந்தவருக்கு அது சின்னக் குறை. எனக்கு அந்த லேப்டாப் வெறும் பலகை. அதன்பிறகு நானே போட்டுக்கொள்கிறேன்.

பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் கணினியைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யும் (தொடங்கவைக்கும்) வேலையே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் கணினி 11-க்குத் தகுதியானது என்றால், நிறுவல் கோப்பை விண்டோஸுக்குள்ளிருந்தே திறங்கள். கணினி மறுதொடக்கம் ஆகும்வரை, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளான என்விடிஏ எல்லாவற்றையும் வாசித்துவிடும்.

காலி டிஸ்கில் புதிதாகப் போடுவதுதான் பாடு. கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரையில் நம் திரைவாசிப்பான் எதுவும் பேசாது. அங்கே மட்டும் கண் தெரிந்த ஒருவரை வீடியோ அழைப்பில் பிடியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுவல் திரை வந்ததும் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸுடனேயே வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கும். பேசவில்லையா? பதற வேண்டாம். உள்ளிருக்கும் சவுண்ட் கார்டுக்கான டிரைவர் அந்தக் கட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். யுஎஸ்பி ஹெட்போனைச் செருகினால் பெரும்பாலும் குரல் வந்துவிடும். எங்கள் ஊர் உப்புக்காற்று யுஎஸ்பி துளைகளைக்கூட விடுவதில்லை. எந்தத் துளை வேலை செய்கிறது என்பதை முந்தின நாளே சோதித்துவிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் டிஸ்க் பட்டியல். நரேட்டர் 'டிஸ்க் 0' என்று எண்ணையும் கொள்ளளவையும்தான் சொல்லும். அது உங்கள் புகைப்படங்கள் இருக்கும் டிஸ்கா என்று சொல்லாது. வெளி ஹார்ட் டிஸ்கை முன்பே கழற்றிவிடுங்கள். கொள்ளளவை இரண்டு முறை கேட்டு, சரிதான் என்று தெரிந்த பிறகே அந்த டிஸ்கில் உள்ளதை அழியுங்கள்.

டெஸ்க்டாப் வந்ததும் என்விடிஏ. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருள் தமிழும் வாசிக்கும். நிறுவாமலே ஓடும் அதன் பிரதியொன்றைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுவதானால் அதன் ஒரு வகையான டெபியனை முயன்று பாருங்கள். பூட் மெனுவில் ஆங்கில 'எஸ்' எழுத்தையும் என்டரையும் அழுத்தினால் நிறுவல் முழுக்கப் பேசிக்கொண்டே நடக்கும். மெனு வந்ததை ஒரு பீப் ஒலி அறிவிக்கும். சில லேப்டாப்புகளில் அது கேட்காது.