ஒரு கிழமைக் கணக்கில் அடங்காத வேலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இறுதியாண்டு மாணவி. வன்னி இளையோரின் கல்வி, தொழில் பற்றி ஆய்வு செய்கிறேன். அரச அறிக்கையில் நாட்டின் வேலையின்மை ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊரிலோ யாரைக் கேட்டாலும் வேலை இல்லை என்கிறார்கள். எதை நம்புவது? வினாக்கொத்தில் தொழில் பற்றி ஒரு கேள்வி போதுமா?

ம., தருமபுரம்

அன்புள்ள ம.,

இரண்டையும் நம்பலாம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டில், குறித்த கிழமையில் ஒரு மணித்தியாலம் உழைத்தவரும் தொழில் உள்ளவர்தான். குடும்பக் கடையில் சம்பளமில்லாமல் நின்றவரும் அதில் சேருவார். பல நாடுகளிலும் இதே அளவுகோல்தான், சதி ஒன்றுமில்லை. திணைக்களம் வருசம் முழுக்கப் பரவலாகக் கேட்கிறது. நீங்கள் ஒரே தடவை போகப் போகிறீர்கள், அங்கேதான் சிக்கல்.

மாசியில் போனால், மாரி மழையோடு விதைத்த காலபோக நெல்லின் அறுவடை. லொறி, நெல் மூட்டை, காவலுக்கு ஆள் என்று ஊரே வேலையில் நிற்கும். (அரிவி வெட்டும் கூலியை மெஷின் எப்போதோ கொண்டுபோய்விட்டது.) ஆவணியில் போனால், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கோடைச் சிறுபோகத்துக்கு எந்தக் காணிக்குக் கிடைத்தது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆகவே ஒரு கேள்வி போதாது. பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, வீட்டில் ஒவ்வொருவரும் எந்த மாதம் என்ன செய்தார் என்று நிரப்புங்கள்.

பெண்களிடம் 'வேலை' என்று தொடங்கவே வேண்டாம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அம்மா, "வேலை ஒண்டும் இல்லைத் தம்பி, சும்மா வீட்டிலதான்" என்றார். கை நிற்கவில்லை, கச்சான் உடைத்துக்கொண்டே இருந்தது. வியாபாரி கொண்டுவந்து இறக்கிய மூட்டை, கிலோக் கணக்கில் கூலி. விடிந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் அதெல்லாம் வெளியே வந்தது.

தொழிற்சாலைகளையும் எண்ணிக்கையோடு விட்டுவிடாதீர்கள். போருக்கு முன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் அரச நிறுவனங்கள். அங்கே வேலை கிடைத்தால் ஓய்வு வயது வரை அதுதான் என்று இருந்தார்கள். இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடிய முன்னமே பஸ் ஏறுவது பெரும்பாலும் இளம் பெண்கள். எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பதைவிட, எத்தனை வருசம் நின்றார்கள், ஏன் விட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. விட்டவர்களைத் தேடிப் போங்கள், வாசலில் நிற்பவர்களை எல்லோரும் கேட்கிறார்கள்.

கல்விப் பகுதிக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரே போதும். யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும் இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கே இருக்கின்றன. சுற்றியுள்ள கிராமங்களில் உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்த பிள்ளைக்கு இவற்றில் எதன் கதவு திறக்கும்? விஞ்ஞானம், கணிதம் படிக்க எவ்வளவு தூரம் போகவேண்டி இருந்தது என்பதையும் கேளுங்கள். பாதிப் பதில் அங்கே இருக்கும்.

அப்புறம், வருமானக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தாளும் பேனையுமாக யாராவது படலையில் நின்றால், அஸ்வெசும என்கிற அரச உதவிப்பணத்துக்குப் பதிவு பார்க்க வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள், சொல்லும் வருமானத் தொகையும் குறையும். என்ன தருவீர்கள் என்றும் கேட்பார்கள். ஒன்றுமில்லை, படிப்புக்காக என்று நேரே சொல்லிவிடுங்கள். முதல் பத்து வீடு முடிந்ததும், பெயர் விபரங்களை நீக்கிவிட்டுத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். கட்டங்களை எங்கே மாற்றலாம் என்று பார்ப்போம்.